கீபோர்டு வாங்குமுன் இடது கையைக் கேளுங்கள்

பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்த கையோடு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "காசியோ வாங்கலாமா, யமஹா வாங்கலாமா?" என்பதுதான். இரண்டும் நல்ல கம்பெனிகள். ஒரே விலையில் வரும் காசியோவுக்கும் யமஹாவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் 8,000 ரூபாய்க் கருவிக்கும் 15,000 ரூபாய்க் கருவிக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. அதனால் நான் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: வாசிக்கப் போகிறவரின் இடது கைக்கு என்ன வேலை?

வலது கை பெரும்பாலும் மெட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடும். வேலை மாறுவது இடது கைக்குத்தான். பியானோ படிப்பவருக்கு இடது கையும் வலது கைக்குச் சமமாக ஓடும், தாவும், தனி மெட்டு வாசிக்கும். கீபோர்டு பாடத்திட்டத்தில் இடது கை கார்டு (சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்கள்) பிடிக்கும். அந்தக் கார்டைப் பின்தொடர்ந்து கருவியே தாளமும் பேஸும் (அடிச்சுர இசையும்) போடும்; இந்தத் தயார் பின்னணிக்கு ஸ்டைல் என்று பெயர். கர்நாடக இசை வாசிப்பவரின் இடது கை கீக்களுக்கே வராது, ஓரத்தில், சுரத்தை வளைக்கும் பெண்ட் சக்கரத்தின் மேல் இருக்கும். சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிப்பவரின் இடது கை ஒரு நேரம் பேஸ் போடும், ஒரு நேரம் பட்டனைத் தட்டும். இந்த நாலு வேலைக்கும் ஒரே கருவி சரிப்படாது. கடைக்காரர் எதைக் காட்டினாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

டச் இல்லாத கருவி வேண்டாம்

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம். 32 அல்லது 37 சின்னக் கீ உள்ள விளையாட்டுக் கருவிகள் நாலு வயதுக் குழந்தை தட்டிப் பார்க்க நல்லவை. அதில் பாடம் படிக்க முடியாது. கீயின் அகலம் குறைவு என்பதால் விரல் ஒரு தூரத்துக்குப் பழகிவிடும், அப்புறம் முழு அளவுக் கீக்கு வரும்போது எல்லாம் தள்ளிப் போயிருக்கும்.

அடுத்தது, 61 முழு அளவுக் கீ இருந்தும் டச் ரெஸ்பான்ஸ் இல்லாத கருவிகள். யமஹாவில் பிஎஸ்ஆர்-எஃப்52, இ273 ஆகியவையும், காசியோவில் சிடி-எஸ்100, எஸ்200 ஆகியவையும் இந்த ரகம். பார்க்க அழகாக இருக்கும், நூற்றுக்கணக்கில் குரல்கள் (பியானோ, வயலின் போன்ற வாத்திய ஒலிகள்) இருக்கும், விலையும் குறைவு. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, கீக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டச் உள்ள கருவியில் ஒவ்வொரு கீக்கும் கீழே ரப்பரில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கீ இறங்கும்போது ஒன்று கொஞ்சம் முந்தித் தொடும், மற்றது பிந்தித் தொடும். இந்த இரண்டுக்கும் இடையில் போன நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறைவு என்றால் விரல் வேகமாக இறங்கியிருக்கிறது, சத்தம் பெரிதாக வர வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்த வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுவது, இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் தகவல் பரிமாறும் மிடி முறை. பாட்டில் ஒரு சொல்லை அழுத்துவது, அடுத்ததை விட்டுக்கொடுப்பது, வரி முடிவில் தணிவது எல்லாம் இந்த எண்களுக்குள்தான் இருக்கின்றன. டச் இல்லாத கருவியில் ஓர் ஆண்டு வாசித்த பிள்ளைக்குச் சுரம் தெரியும், தாளம் தெரியும். விரலில் கனம் எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. அதைப் பிறகு சொல்லிக் கொடுப்பது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் பெரிய பாடு. மிச்சம் பிடிக்கும் நாலைந்தாயிரம் ரூபாய் அந்தச் சிரமத்துக்கு ஈடாகாது. கையில் பணம் இப்போது இல்லை என்றால் இரண்டு மாதம் பொறுத்து வாங்குங்கள். அதுவரை வகுப்பில் இருக்கும் கருவியில் வாசிக்கட்டும்.

கடையில் இதைச் சோதிப்பது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் டெமோ பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பியானோ குரலை வைத்து, ஒரே கீயை ஒருமுறை பூப்போலவும் ஒருமுறை ஓங்கியும் அழுத்துங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் டச் இல்லை, அல்லது யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்கில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நடுத்தர விலை: சிடி-எஸ்300க்கும் இ373க்கும் இடையில்

பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான இடம் இதுதான்: 61 கீ, டச் உண்டு, சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலுக்கு இடம் உண்டு, விலை சுமாராக 11,000 முதல் 17,000 வரை. காசியோ சிடி-எஸ்300, யமஹா பிஎஸ்ஆர்-இ373 இரண்டும் இந்த வட்டத்தில் வருகின்றன. இ373க்கு அடுத்த வரிசையாக இ383 வந்துவிட்டது. பழையது கடையில் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

இந்த இரண்டையும் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்களை வைத்து ஒப்பிட்டால் இ373 ஜெயித்துவிடும். அதில் 622 குரல்கள், எஸ்300இல் 400. ஆனால் படிக்கிற பிள்ளை உண்மையில் பயன்படுத்துவது பத்துப் பன்னிரண்டு குரல்கள்தான். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை இரண்டிலும் 48. பெடலை அழுத்தியபடி கார்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் முதலில் வாசித்த சுரங்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த எல்லை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆரம்ப ஆண்டுகளில் அது தடையாகவும் இருக்காது.

வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. எஸ்300 வெறும் 3.3 கிலோ, தூக்கிப் போக உடம்பிலேயே கைப்பிடி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வகுப்புக்கு எடுத்துப் போகிற பிள்ளைக்கு இது பெரிய வசதி. இ373 4.6 கிலோ. எஸ்300இல் இடது ஓரத்தில் பெண்ட் சக்கரம் உண்டு, இ373இல் இல்லை. இ373இன் பியானோ, ஸ்டிரிங்ஸ் குரல்கள் என் காதுக்கு நிறைவாக இருக்கின்றன, அதன் ஸ்டைல்களில் டிரம்ஸும் பேஸும் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன. யூஎஸ்பி வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் இ373 ஒலியையே நேராக அனுப்பும், வாசிப்பதைச் சுத்தமாகப் பதிவு செய்யலாம். எஸ்300இன் யூஎஸ்பி வழியாக மிடி தகவல் மட்டும்தான் போகும், ஒலி போகாது. ஹெட்போன் துளைகூட வேறு வேறு: யமஹாவில் பெரிய 6.3 மில்லிமீட்டர் துளை, காசியோவில் செல்போன் ஹெட்போன் செருகும் 3.5. ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் பயிற்சி செய்ய ஹெட்போன் கட்டாயம் வேண்டும்; யமஹா வாங்கினால் அதற்கான சின்ன மாற்றுமுனையையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

ஆக, இடது கை கார்டு பிடித்து ஸ்டைலோடு வாசிக்கப் போகிறது, டிரினிட்டி கீபோர்டு கிரேடுகள் எழுதப் போகிறது என்றால் இ373 பக்கம் போங்கள். தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், அல்லது இடது கைக்குச் சக்கரம் வேண்டும் என்றால் எஸ்300.

கிரேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் எலக்ட்ரானிக் கீபோர்டும் பியானோவும் தனித்தனிப் பாடத்திட்டங்கள். இரண்டிலும் இனிஷியல் தொடங்கி 8ஆம் கிரேடு வரை உண்டு. கீபோர்டு கிரேடுகளில் மேலே போகப் போக, பாட்டின் நடுவில் குரலையும் ஸ்டைலையும் சட்டென்று மாற்ற வேண்டி வரும். அதற்கு, அமைத்து வைத்த எல்லாவற்றையும் ஒரே பட்டனில் கொண்டுவரும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி வேண்டும். எந்தப் பாடத்திட்டம் என்பதை ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் பியானோ தேர்வுக்கு மாற்றும் குடும்பங்களைப் பார்க்கிறேன். பிள்ளையின் இடது கை அதுவரை கார்டு பிடித்தே பழகியிருக்கும். தனியாக ஓடச் சொன்னால் திணறும்.

பியானோதான் என்றால் 88

பியானோ படிக்க 88 கீ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். முடிவு சரிதான். காரணமாகச் சொல்லப்படுவது எண்ணிக்கை. என் அனுபவத்தில் ஆரம்பத்தில் எண்ணிக்கை அவ்வளவு தடையாக இருப்பதில்லை. மோசார்ட் காலத்துப் பியானோக்களுக்கே ஐந்து ஆக்டேவ் (ஸ முதல் மேல் ஸ வரை ஓர் ஆக்டேவ்) தான், அதாவது 61 கீ. அவை எஃப்பில் தொடங்கி எஃப்பில் முடிந்தன, இன்றைய கீபோர்டு சியில் தொடங்கி சியில் முடிகிறது, அவ்வளவுதான். முதல் மூன்று நான்கு கிரேடுகளின் பியானோப் பாடங்களில் பெரும்பகுதி ஐந்து ஆக்டேவுக்குள் அடங்கும்.

முக்கியம் கீயின் கனம். சாதாரணக் கீபோர்டின் கீக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் அல்லது ரப்பர்தான். அழுத்தினால் இறங்கும், விட்டால் சட்டென்று ஏறும். பியானோவில் கீயின் மறுமுனை ஒரு சுத்தியலைத் தூக்கி எறிகிறது. விரல் உணர்வது அந்த எடையை. டிஜிட்டல் பியானோக்களில் கீக்குள் ஒரு சின்ன எடை வைத்து அந்த உணர்வைக் கொண்டுவருகிறார்கள். தாழ்ந்த சுரங்களில் கனமாகவும், மேலே போகப் போக இலகுவாகவும் இருக்கும். ஸ்பிரிங் கீயில் பழகிய பிள்ளை தேர்வு அறையில் நிஜப் பியானோ முன் உட்கார்ந்தால், வீட்டில் நன்றாக வந்த வேகமான பகுதி அங்கே விரலுக்கு வராது. மெதுவான பகுதியில் சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். பிள்ளை படிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கனத்துக்கு விரல் பழகவில்லை, அவ்வளவுதான்.

யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 மூன்றும் இந்த வகையில் நுழைவு விலைக் கருவிகள். சுமாராக 40,000 முதல் 55,000 வரை ஆகும். என் தேர்வைச் சொல்ல வேண்டுமென்றால், கீயின் உணர்வுக்காக எஃப்பி-10. அதில் ஒரு கீக்கு மூன்று சென்சார்; கீ முழுவதும் மேலே வருவதற்குள் மறுபடி அழுத்தினாலும் சுரம் ஒலிக்கும். ஒரே சுரத்தை விரைவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். ஒரே நேரத்தில் 96 சுரங்கள் தாங்கும்; மற்ற இரண்டும் 64. எடை 12.3 கிலோ, பி-145 11.1 கிலோ. ஒரே இடத்தில் வைத்து வாசிப்பதாக இருந்தால் அது பொருட்டே இல்லை. எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு விரல் வலு குறைவாக இருந்தால், கடையில் மூன்றையும் அந்தக் குழந்தையையே வாசிக்கச் சொல்லி, எது இலகுவாக வருகிறதோ அதை எடுங்கள். அப்பா விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்வது சரியாக வராது.

இவற்றில் தாளம், ஸ்டைல் கிடையாது, பெண்ட் சக்கரமும் கிடையாது. சினிமாப் பாட்டை முழு வாத்தியக் குழுவோடு கேட்பது போல வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது ஏமாற்றமாக இருக்கும். கனமான கீயும் வேண்டும், ஸ்டைலும் வேண்டும் என்றால் காசியோ சிடிபி-எஸ்360, யமஹா டிஜிஎக்ஸ்-670 போன்றவை இருக்கின்றன. இரண்டாவதன் விலை நன்றாகவே ஏறிவிடும்.

கர்நாடக இசைக்கு எது?

இங்கேதான் கடைகளில் தவறான ஆலோசனை அதிகம் கிடைக்கிறது. "கர்நாடிக் வாசிக்கணுமா? இந்தியன் மாடல் எடுங்க" என்று யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 அல்லது காசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன் காட்டுவார்கள். நல்ல கருவிகள்தான். ஐ500இல் தம்புராவும் தபலாவும் சேர்ந்து ஒலிக்கும் பயிற்சி வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டுச் சரளி வரிசை வாசிப்பது உண்மையிலேயே நன்றாக இருக்கும். இந்திய வாத்தியக் குரல்களும் இந்தியத் தாளங்களும் கிடைக்கும். ஆனால் இந்தத் தாளங்களில் பெரும்பகுதி கஹர்வா, தாத்ரா, பஜன் போன்ற வடக்கத்திய நடைகளும் சினிமா நடைகளும். ஆதி தாளத்தை எட்டு மாத்திரை நடை ஒன்றில் ஒப்பேற்றலாம். மிஸ்ர சாபுவுக்கு ஏழும் கண்ட சாபுவுக்கு ஐந்தும் வேண்டும். அவை இருக்கின்றனவா என்று கடையிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது. மாயாமாளவகௌளை வரிசைகளைக் கீபோர்டில் வாசிப்பது எளிது. சியை ஸட்ஜமாக வைத்தால் சி, சி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி என்று கீக்கள் வரிசையாகக் கிடைத்துவிடும். அதனால் முதல் ஆறு மாதம் எல்லாம் சரியாகப் போவது போலத் தோன்றும். தோடி ராகத்துக்கு வந்தவுடன் நின்றுவிடும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் சுரம் அல்ல. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருப்பது. ஈ பிளாட் கீயை அழுத்திப் பிடித்தால் காந்தாரத்தின் இடம் கிடைக்கும், தோடி கிடைக்காது.

இந்த இடத்தில்தான் பெண்ட் சக்கரம் வருகிறது. பெரும்பாலான கருவிகளில் அது மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் வளைக்கும்படி அமைத்திருப்பார்கள். ஈ பிளாட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் சக்கரத்தை முழுக்க மேலே தள்ளினால் எஃப், அதாவது சுத்த மத்யமம். முழுக்கக் கீழே இழுத்தால் டி பிளாட், அதாவது சுத்த ரிஷபம். தோடியின் காந்தாரம் அசைய வேண்டிய எல்லை மிகச் சரியாக அந்தச் சக்கரத்துக்குள் அடங்குகிறது. எவ்வளவு வேகம், எங்கே கொஞ்சம் நிற்பது, எங்கிருந்து தொடங்குவது என்பதை வாய்ப்பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். கச்சேரி மேடையில் கீபோர்டைத் தனி வாத்தியமாகவே நிலைநாட்டிய கீபோர்டு சத்யாவின் வாசிப்பைப் பாருங்கள். கமகத்தின் வேலை முழுக்க அந்தச் சக்கரத்தில் நடக்கும். வலது கை மட்டுமே சுரம் வாசிக்கும்.

அதனால் கர்நாடகத்துக்கு நான் பார்க்கும் வரிசை இது: முதலில் பெண்ட் சக்கரம். அது கையிலிருந்து விட்டால் நடுவுக்குச் சரியாகத் திரும்புகிறதா என்பது அடுத்தது. சுரத்தை நீட்டிப் பிடித்து வளைக்க உகந்த புல்லாங்குழல், வயலின், சிந்த் லீட் (மின்னணு மெட்டு ஒலி) போன்ற குரல்கள் மூன்றாவது. பியானோ குரலை வளைத்தால் கேட்க நன்றாக இருக்காது. ஸ்டைல்களின் எண்ணிக்கை எனக்குக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் இடது கை சக்கரத்தில் இருக்கும்போது கார்டு பிடிக்கக் கையில்லை. இந்தக் கணக்கில், விலை குறைந்த சிடி-எஸ்300, சக்கரம் இல்லாத இ373ஐ முந்திவிடுகிறது. இந்திய மாடல்கள் தம்புராவுக்காகவும் குரல்களுக்காகவும் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தவை. எந்த மாடலாக இருந்தாலும் இடது ஓரத்தில் சக்கரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

இன்னொன்று, சுருதி. கீபோர்டு எல்லா அரைச்சுரங்களையும் 100 சென்ட் (சுருதியை அளக்கும் சின்ன அலகு) என்று சமமாகப் பங்கிட்டிருக்கிறது. அதில் அந்தர காந்தாரம் 400 சென்டில் விழும். தம்புராவோடு சேர்ந்து இனிக்கும் காந்தாரம் சுமார் 386இல் இருக்கிறது. தம்புரா ஓடும்போது ஈ கீயை நீட்டிப் பிடித்துக் கேளுங்கள். லேசாக அலை அடிக்கும். பாட்டுக் கற்கும் குழந்தை கீபோர்டை மட்டுமே கேட்டுச் சுருதி பழகக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பாட்டுக்குத் தம்புரா, விரலுக்குக் கீபோர்டு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இந்த வகையில் பெரிய உதவி. பாடகர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி. அம்மா ஐந்து கட்டையில் பாடுகிறார், பிள்ளை சியில் பழகியிருக்கிறது என்றால் டிரான்ஸ்போஸை மைனஸ் 5க்குக் கொண்டுவந்தால் சி கீயை அழுத்தும்போது ஜி ஒலிக்கும். ஐந்தரைக்கு மைனஸ் 4. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கீர்த்தனை போட்டுவிடலாம்.

சர்ச், மேடை, கம்ப்யூட்டர்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பல பிள்ளைகள் கீபோர்டு பழகுவதே ஞாயிறு ஆராதனைக்காக. அங்கே டிரான்ஸ்போஸ் பட்டனுக்கு ஓய்வே இருக்காது. பாட்டை யார் எந்தச் சுருதியில் எடுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. பட்டனைத் தட்டி வாசிப்பதில் தவறில்லை, ஆராதனை நிற்காமல் போக வேண்டும். ஆனால் வீட்டில் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ என எல்லாவற்றிலும் கார்டுகளைப் பழகி வையுங்கள். பக்கத்தில் கிட்டார்க்காரர் "இப்ப ஜி" என்று சொல்லும்போது உங்கள் விரலும் ஜியில் இருந்தால்தான் பேச்சு ஒத்துப்போகும்.

வீட்டுக் கீபோர்டை அங்கே கொண்டுபோகலாமா? இடது கைக்கு ஒரு குரல், வலது கைக்கு ஒரு குரல் என்று பிரிக்க முடிந்தால், ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு வயர் இழுத்தால் போதும், வாசிக்கலாம். அடிக்கடி மேடையேறுகிறவர் என்றால் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போன்ற மேடைக் கருவிக்கு மாறுவது நல்லது. இலகுவானது, குரல்களை அடுக்குவதும் பிரிப்பதும் சுலபம், மிக்ஸருக்கு முறையான இடது வலது வெளியீடு உண்டு. அதில் ஸ்பீக்கர் கிடையாது, வீட்டுக் கீபோர்டு போலத் தானாக இசை கூட்டும் ஸ்டைலும் கிடையாது. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுத்தால் சுவிட்சைப் போட்டதும் சத்தமே வராது. முதல் கருவியாக இது வேண்டாம்.

மிடி கன்ட்ரோலரும் அப்படித்தான். அதற்குச் சொந்தமாக ஒலி இல்லை, கம்ப்யூட்டரோ ஐபேடோ ஒலியைத் தர வேண்டும். விண்டோஸில் சரியான ஆடியோ டிரைவர் இல்லாவிட்டால் அழுத்தியதற்கும் கேட்பதற்கும் இடையில் தாமதம் வரும். தாளமே தப்பிப் போகும். இசையமைக்க, பதிவு செய்ய ஆசைப்படும் கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு, பயிற்சிக்கென்று லேப்டாப்பைத் திறந்தால் பயிற்சி நடக்காது.

பழையது வாங்குவதும், மிச்சப் பணமும்

நல்ல நிலையில் உள்ள பழைய கருவி, டச் இல்லாத புதுக் கருவியைவிட எப்போதும் மேல். ஆனால் சோதித்துத்தான் வாங்க வேண்டும். 61 கீயையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அழுத்துங்கள். மெதுவாக அழுத்தியும் ஒரு கீ மட்டும் கத்தினால், அல்லது ஓரிரு கீ அவ்வப்போது பேசாமல் இருந்தால், ரப்பருக்கு அடியில் தூசியோ ஈரமோ போயிருக்கிறது என்று பொருள். கடலோர ஊர்களில் இது சகஜம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், அதற்கான செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். குலுக்கிப் பார்த்து உள்ளே ஏதும் உருளுகிறதா என்று கேளுங்கள். கரப்பான் குடும்பம் நடத்திய கீபோர்டுகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஒலி அளவுக் குமிழைத் திருகும்போது கரகரப்பு வந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

அடாப்டரில் மட்டும் சமரசம் கூடாது. இ373க்கு 12 வோல்ட், சிடி-எஸ்300க்கு 9.5 வோல்ட். பழைய காசியோக்கள் பலவற்றில் முனையின் நடுப்புள்ளி மைனஸ், புதியவற்றில் பிளஸ். முனை பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் எதையாவது செருகினால் கருவி போய்விடும்.

பட்ஜெட்டில் ஸ்டாண்டுக்கும் சஸ்டெயின் பெடலுக்கும் ஒரு 2,500 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். இது கட்டாயம். நம் வீடுகளில் கீபோர்டைத் தரையில் வைத்து, சம்மணம் போட்டு, குனிந்து வாசிக்கிறார்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி, கட்டைவிரல் கீக்கு வெளியே தொங்கும். உட்கார்ந்தால் முழங்கை கீயின் மட்டத்துக்கு வர வேண்டும். ஸ்டாண்ட் வாங்க இப்போது முடியாவிட்டால் ஆடாத மேஜையும் சரியான உயரத்தில் ஒரு நாற்காலியும் போதும். பெடல் வாங்கும்போது அதே கம்பெனியுடையதை வாங்குங்கள், அல்லது போலாரிட்டி மாற்றும் சின்ன சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் சில கருவிகளில் அழுத்தும்போது சுரம் அறுந்து, காலை எடுத்தால் நீளும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, இணையத்தில் 500 ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் முதல் கருவியைக் கடையில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குவதையே சொல்வேன். சென்னையில் இருப்பவர்களுக்கு 1842 முதல் இருந்துவரும் அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் 61 கீயும் 88 கீயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்க முடியும். ஊரில் அந்த வசதி இல்லாதவர்கள் ஆசிரியர் வகுப்பில் இருக்கும் கருவிகளைப் பிள்ளையை ஒரு மாதம் மாற்றி மாற்றி வாசிக்க விட்டுப் பாருங்கள். தானாகவே இரண்டு கையையும் ஓடவிடுகிறதா, ஸ்டைலைப் போட்டுக் கார்டு பிடிக்கிறதா, சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு விளையாடுகிறதா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். முதல் வகை என்றால் கனமான கீக்குச் சேர்த்து வையுங்கள். இரண்டாவதுக்கு இ373, மூன்றாவதுக்கு எஸ்300.